விதி முடித்து வைத்த பகை!

மாடியறையிலே ஒரு பெண் சாவோடு போராடிக் கிடக்கிறாள். கீழே, அவள் ஈன்ற குழந்தை வேறொருத்தியின் கையிலே இருக்கிறது. படியிறங்கி வருகிறான் ஓர் இளைஞன். அவன் கண்களிலே கொலைவெறி. தான் நேசித்தவளின் உயிரைக் குடித்தது இந்தக் குழந்தை. ஆகவே இது உயிரோடிருக்கக் கூடாது என்பது அவன் செய்த முடிவு. நெருங்குகிறான். குழந்தை அவனைப் பார்க்கிறது. அவன் குழந்தையைப் பார்க்கிறான். அவ்வளவுதான்! வெறி போயிற்று, பகை போயிற்று, பாட்டன் பூட்டன் காலந்தொட்டுக் குலத்தார் கட்டிக் காத்த கோபமும் போயிற்று. பிறந்து சிறிது நேரமே ஆன அந்தச் சிசுதான் இனி அவனுடைய வாழ்வு. வளர்ந்து ஆளானதும் அவனுக்கே உரியவள்! விதி முத்திரை குத்திவிட்டது!

"எந்தப் புராணத்திலே வருகிறது இந்தக் காட்சி?" என்று கேட்பீர்கள். புராணமல்ல, தோழர்களே! 2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் முதல் நாளிலேயே 13 இலட்சம் படிகள் விற்ற ஒரு புதினத்திலே வரும் காட்சி. அணுவைப் பிளந்த நாட்டிலே, நிலவிலே கால் பதித்த நாட்டிலே, இளைஞரும் இளநங்கையரும் நள்ளிரவில் கடைவாயிலில் காத்து நின்று வாங்கிய ஏடு அது. பெயர் 'பிரேக்கிங் டான்'. விடியல் என்று பொருள். தீட்டியவர் ஸ்டெபனி மேயர் அம்மையார்.

2005இல் 'ட்விலைட்', 2006இல் 'நியூ மூன்', 2007இல் 'எக்லிப்ஸ்' என்று தொடர்ந்து வந்த கதையின் நிறைவுப் பகுதி இது. அந்தியிலே தொடங்கி, அமாவாசையிலே நடந்து, கிரகணத்தைக் கடந்து, விடியலிலே முடிவதாகப் பெயர் வரிசை. பெயர்கள் அழகானவை. ஆனால், விடிந்ததா? அதுதான் நமது கேள்வி.

கதையின் களம், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்திலே மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூர். அங்கே கல்லன் குடும்பம் வாழ்கிறது. அவர்கள் இரத்தக் காட்டேரிகள். ஆனால் மனித இரத்தம் தீண்டுவதில்லை, விலங்கின் இரத்தமே போதும் என்று நோன்பு பூண்டவர்கள். அருகே கடலோரத்தில் லா புஷ் என்னும் ஊர். அங்கே குவிலியூட் என்னும் பழங்குடி. அக்குடியின் இளைஞர் சிலர் ஓநாயாக உருமாறும் ஆற்றல் பெற்றவர்களாம். இரு சாராரும் பரம்பரைப் பகைவர். இடையே ஓர் எல்லைக்கோடு, ஓர் ஒப்பந்தம். கோட்டைத் தாண்டினால் போர். மனிதரைக் கடித்தால் போர்.

இந்த இரு சாராருக்கும் நடுவே மாட்டிக் கொண்டவள் பெல்லா என்னும் மனிதப் பெண். காட்டேரிக் குடும்பத்து எட்வர்டு அவளது காதலன். ஓநாய்க் குடியைச் சேர்ந்த ஜேக்கப் அவளது தோழன். அவளை விரும்பித் தோற்றவன். நான்காம் நூலிலே பெல்லா எட்வர்டை மணக்கிறாள், கருவுறுகிறாள், குழந்தை பெறுகிறாள். அந்தக் குழந்தையைக் கண்டுதான் ஜேக்கப் உருகிவிடுகிறான். பகைக் குடும்பங்களுக்குள்ளே உறவு முளைத்துவிட்டதாம்! எப்படி முளைத்தது? உழுதார் உண்டா? விதைத்தார் உண்டா? இல்லை. வானத்திலிருந்து விழுந்தது!

"பேய்க்கதை படித்துவிட்டுப் பேய் இருக்கிறதே என்று பகுத்தறிவாளர் புலம்பலாமா?" என்று கேலி பேசும் நண்பர்கள் இருப்பர். அவர்களுக்கு முதலில் விடை கூறிவிடுவோம். பேய் வந்ததற்காக நாம் இந்நூலைக் குறை கூறவில்லை. 'ஹாம்லட்' நாடகத்திலே ஆவி வருகிறது; அந்த நாடகத்தை நாம் ஒதுக்கிவிட்டோமா? கற்பனையாளன் கல்லைப் பேச வைக்கலாம், கடலை நடக்க வைக்கலாம். ஆனால் அந்தக் கல்லின் வாயிலிருந்து வருவது எந்தக் கருத்து என்று கேட்கும் உரிமை படிப்பவனுக்கு உண்டு. ஹாம்லட்டின் தந்தை ஆவியாக வந்து ஒரு கொலைக்குற்றத்தைச் சொல்லுகிறார். மகனோ அதை அப்படியே நம்பிவிடவில்லை. நாடகம் ஒன்றை நடிக்கச் செய்து, குற்றவாளியின் முகத்தைப் பார்த்துச் சோதித்த பிறகே துணிகிறான். ஆவியின் சொல்லையும் ஆராய்ந்து பார் என்கிறது அந்த நாடகம். மேயர் அம்மையாரின் ஓநாய் என்ன சொல்லுகிறது? ஆராயாதே, அடங்கு என்கிறது!

அம்மையாரே 'நியூ மூன்' நூலில் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைத் துணைக்கு அழைத்துக் கொண்டார். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பது அடாத செயலல்ல.

1597இல் முதன்முதலாக அச்சேறிய அந்த நாடகத்திலே வெரோனா நகரத்து இரு குடும்பங்கள் மோதிக்கொள்கின்றன. மாண்டேகு வீட்டுப் பிள்ளை, காபுலெட் வீட்டுப் பெண்ணை விரும்புகிறான். ஜூலியட் இன்னும் பதினான்கு வயது நிரம்பாத சிறுமி. ஆயினும், தந்தை குறித்த மாப்பிள்ளையை மறுத்து நிற்கிறாள். தந்தை சீறுகிறார், வீட்டை விட்டுத் துரத்துவேன் என்கிறார், அவள் வளையவில்லை. பகை தீருவது அந்த இரு பிணங்களின் மேலே. பெரியவர்கள் அப்போது கைகோத்துக் கொண்டு, பொன்னால் சிலை வைப்போம் என்கிறார்கள். பிள்ளைகள் உயிரோடிருந்தபோது ஒரு வாழ்த்துக்கு வழியில்லை; செத்த பிறகு பொற்சிலை! பெற்றோரின் வீம்பை இதைவிடக் கடுமையாகச் சாடிய நாடகம் எத்தனை உண்டு?

"அங்கேயும் விண்மீன்களின் சதி என்று முன்னுரையிலே வருகிறதே!" என்பர். வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் நாடகத்தின் உள்ளே கொல்லுவது எது? வீதிச் சண்டையிலே வீசப்பட்ட வாள், தந்தையின் பிடிவாதம், போய்ச் சேராத ஒரு கடிதம். அந்தக் கடிதம் ஏன் சேரவில்லை? தூது சென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டிலே அடைத்து வைக்கப்பட்டான். ஒவ்வொரு சாவுக்கும் மண்ணிலே காரணம் உண்டு. காரணம் இருப்பதால் குற்றவாளியும் உண்டு. குற்றவாளி இருப்பதால் திருத்தமும் உண்டு. விதி என்று முடித்துவிட்டால், யாரைத் திருத்துவது?

மேயர் அம்மையார் இந்த விதிக்கு ஆங்கிலத்திலே ஒரு புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்: 'இம்பிரின்டிங்'. பதிவு என்று நாம் சொல்லலாம். ஓநாய்க் குடியினன் ஒருத்தியைப் பார்த்த அளவில் அவள் அவன் நெஞ்சிலே பதிந்துவிடுவாளாம். அதன்பின் அவனுக்கு வேறு விருப்பம் இல்லை, வேறு வழியும் இல்லை.

இந்தச் சொல் அம்மையாரின் சொந்தச் சரக்கல்ல. உயிரியல் அறிஞர்கள் ஆண்ட சொல். ஆஸ்திரிய நாட்டறிஞர் கான்ராடு லாரன்ஸ் 1935இல் இதை விரித்துரைத்தார். விலங்கின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்காக 1973இல் நோபல் பரிசும் பகிர்ந்து பெற்றார். முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு, தன் முன்னே முதலில் அசைவதைத் தாயென்று கொண்டு பின்தொடரும். அசைந்தது லாரன்சாக இருந்தால், லாரன்சின் பின்னாலேயே ஓடும். குஞ்சு உயிர் பிழைக்க இயற்கை அமைத்த ஏற்பாடு அது. அதனை எடுத்து, வளர்ந்த மனிதனின் காதலுக்கு இலக்கணமாக வைத்துவிட்டார் அம்மையார். ஆராய்ந்தறியும் மூளையை மனிதன் பெற்றது, வாத்துக் குஞ்சைப் போல வரிசையிலே ஓடுவதற்காகவா?

இந்தப் பதிவால் விளைந்ததென்ன? கதைக்குள்ளேயே பார்ப்போம்.

சாம் என்பவன் லியா என்னும் பெண்ணைக் காதலித்து வந்தான். அவளுடைய உறவுக்காரி எமிலி ஒரு நாள் விருந்தாக வந்தாள். பதிவு நிகழ்ந்தது. லியா தள்ளப்பட்டாள், எமிலி கொள்ளப்பட்டாள். கைவிட்டவன்மீது குற்றமில்லையாம், அது அவன் கையில் இல்லையாம்! பின்னொரு நாள் அதே சாம் சினம் பொங்கி ஓநாயாக மாறியபோது, அருகே நின்ற எமிலியின் முகத்தைக் கிழித்துவிட்டான். வடு மாறவில்லை. அவளோ அவனோடு இணைந்து, சிரித்த முகத்தோடு அடுப்படியிலே நின்று அவன் தோழர்களுக்கு உணவு படைக்கிறாள். இதை இன்ப இல்லறம் என்று நூல் காட்டுகிறது! முகத்தைக் கிழித்தவனையும் விதியின் பெயரால் மன்னித்து வாழ் என்று பெண்ணுக்குக் கற்பிக்க, இதைவிட நயமான பாடம் வேண்டுமா?

குவில் என்பவனுக்குப் பதிந்தது இரண்டு வயதுக் குழந்தை. ஜேக்கப்புக்குப் பதிந்தது தொப்புள்கொடி அறுத்த ஈரம் உலராத சிசு. "தவறாக நினைக்காதீர், இப்போது அண்ணன் போல், பிறகு நண்பன் போல், வளர்ந்த பிறகுதான் காதலன்" என்று நூல் சமாதானம் கூறுகிறது. "அவள் விரும்பாவிட்டால் மறுக்கலாம், ஆனால் ஏன் மறுக்கப் போகிறாள்?" என்றும் சேர்த்துச் சொல்லுகிறது. ஆமாம், ஏன் மறுக்கப் போகிறாள்! தொட்டிலுக்கு அருகிலேயே மாப்பிள்ளை அமர்ந்து, தாலாட்டி, தூக்கி வளர்த்து, நடை பழக்கி, வேறொருவனை நினைக்கவும் இடம் வைக்காமல் ஆளாக்கிவிட்ட பிறகு, மறுக்க அவளுக்கு வாய் ஏது? வயிற்றிலிருக்கும்போதே "இவனுக்குத்தான்" என்று பேசி முடிக்கும் வழக்கத்தை நாம் எதிர்த்தோம். அதே சரக்கு, மேனாட்டு மேலுறையிட்டு, வழவழப்பான அட்டையோடு வந்தால் இனிக்குமா?

தாய் பெல்லா இதைக் கேட்டதும் கொதித்து ஜேக்கப்பின்மீது பாய்கிறாள். அறிவுள்ள தாய்க்கு வரவேண்டிய கோபம் அது. அந்தக் கோபத்துக்கு அம்மையார் ஒதுக்கிய இடம் சில பக்கங்கள். பிறகு அவளும் தணிந்துவிடுகிறாள். எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பக்கங்களிலே நேர்மையான கோபத்துக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

அறிவியல் மணமும் வேண்டுமென்று அம்மையார் நினைத்திருக்கிறார். மனிதருக்கு 23 இணை குரோமோசோம்கள். ஓநாய்க் குடியினருக்கு 24 இணை. காட்டேரிகளுக்கு 25 இணை. கலப்பிலே பிறக்கும் குழந்தைக்கு 24 இருக்கும் என்று கதையிலே வரும் மருத்துவர் கணிக்கிறார். ஆகா, எண் பொருந்திவிட்டது! சாதகக்காரர் பத்துப் பொருத்தம் பார்ப்பார். இங்கே ஒரே பொருத்தம் போதும்! சிம்பன்சிக் குரங்குக்கு 48 குரோமோசோம்கள். நாம் உண்ணும் உருளைக்கிழங்குக்கும் 48 குரோமோசோம்கள். எண் ஒத்ததால் குரங்குக்கும் கிழங்குக்கும் சம்பந்தம் பேச முடியுமா? அறிவியலின் சொல்லை எடுத்து மூடநம்பிக்கைக்கு ஆடையாக்குவது, மந்திரவாதி மூக்குக்கண்ணாடி அணிந்து கொள்வது போன்றதுதான்.

நமக்கு உண்டான ஏமாற்றம் வெறுப்பால் வந்ததன்று, எதிர்பார்ப்பால் வந்தது. நல்ல வித்து கதைக்குள்ளேயே கிடந்தது. சேத் என்னும் ஓநாய்க்குடிச் சிறுவன், மூன்றாம் நூலிலேயே எட்வர்டோடு தோளோடு தோள் நின்று போரிட்டான். அவனுக்கு எந்தப் பதிவும் இல்லை. பழகினான், நல்லவர் என்று கண்டான், நண்பனானான். பகை தீரும் வழி அதுவன்றோ? நான்காம் நூலிலே ஜேக்கப்பும் ஒரு கட்டத்திலே ஓங்கி உயர்கிறான். கூட்டத் தலைவன் சாம், பெல்லாவையும் அவள் வயிற்றிலிருக்கும் கருவையும் அழிக்க ஆணையிடுகிறான். ஆணையை மீறக் கூட்டத்திலே எவராலும் ஆகாது. ஜேக்கப் மீறுகிறான்! "இது முறையன்று" என்று தன்னந்தனியாகப் பிரிந்து, பகைவர் வீட்டுக்குக் காவல் நிற்கிறான். சேத்தும் லியாவும் அவனோடு சேருகிறார்கள். படிக்கும்போது நாமும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். விடியல் இதோ என்றே நினைத்தோம்.

ஆனால் உற்றுப் பாருங்கள். அவனால் மட்டும் மீற முடிந்தது ஏன்? பழைய தலைவன் எஃப்ரெயிம் பிளாக்கின் கொள்ளுப்பேரனாம் அவன்! தலைமை அவனது பிறப்புரிமையாம்! எதிர்த்து நிற்கும் துணிவுக்கும் வம்சாவளி பார்க்கிறார் அம்மையார். சாதாரணக் குடியிலே பிறந்தவனுக்கு மனச்சாட்சி இருந்தால், அது வாயடைத்துக் கிடக்க வேண்டியதுதான் போலும். சரி, பிறப்பாலோ எதனாலோ மீறினானே என்று தேற்றிக் கொள்ளலாம் என்றால், சில அத்தியாயங்களிலே பதிவு வந்து அவனை மறுபடியும் அடிமையாக்கிவிடுகிறது. தலைவனின் ஆணையை உதறியவன் தலைவிதியின் ஆணைக்கு மண்டியிடுகிறான். ஒருவனுக்குப் பதிந்தவளை மற்ற ஓநாய்கள் கொல்லலாகாது என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தால் சண்டை நின்றது. மனம் மாறியதா? வெறுப்பு தவறென்று எவரேனும் உணர்ந்தாரா? இல்லை. சட்ட விதியும் தலைவிதியும் சேர்ந்து கையைக் கட்டின. அதற்குச் சமாதானம் என்று பெயர்.

இறுதியிலே இத்தாலியிலிருந்து வால்ட்டூரி என்னும் காட்டேரி அரசர் கூட்டம் படையோடு வருகிறது. இங்கே சாட்சிகள் திரட்டப்படுகிறார்கள், பயிற்சி நடக்கிறது, பனிவெளியிலே இரு அணிகள் எதிரெதிரே நிற்கின்றன. பிறகு? பேசுகிறார்கள், திரும்பிப் போய்விடுகிறார்கள்! இரு அணிகளுக்கும் இடையே போர் மூளவே இல்லை. 2012இல் படமாக்கியவர்களுக்கே இது பொறுக்கவில்லை. பெரும்போர் ஒன்றை நுழைத்தார்கள், அதையும் ஒரு முன்காட்சி என்று சொல்லி அழித்துவிட்டார்கள். நூல் வந்த நாளிலேயே மனம் கசந்த வாசகர் பலர், வாங்கிய படியைக் கடைக்கே திருப்பிக் கொடுப்போம் என்று குரல் எழுப்பினர். அவர்களுடைய கசப்பு நமக்கு விளங்குகிறது. கொடுங்கோலர் கொடுங்கோலராகவே வீடு திரும்ப, கதாநாயகி மட்டும் அழகும் ஆற்றலும் அழியா வாழ்வும் பெற்றுவிட்டால் அது வெற்றியா?

இத்தோடு நின்றிருந்தால், தேறாத நூல் என்று தள்ளிவிட்டுப் போயிருப்போம். தள்ள முடியாத இன்னொன்று இருக்கிறது. காட்டேரிகள் கற்பனை, குவிலியூட் மக்கள் கற்பனையல்லர்! இன்றும் லா புஷ் ஊரிலே வாழ்கிறார்கள். அவர்களது மொழி, மூக்கொலிகளே இல்லாத அரிய மொழி. ம, ந என்னும் ஒலிகள் அதிலே கிடையா. அவர்களுடைய பழங்கதையிலே ஓநாய்களிலிருந்து மாந்தர் உருவானார்கள் என்று உண்டு. மாந்தர் மறுபடியும் ஓநாயாகிக் காட்டேரிகளோடு மோதியதாகவோ, பச்சைக் குழந்தைமீது காதல் பதிந்ததாகவோ அதிலே கிடையாது. அவை அம்மையார் ஏற்றியவை. ஏற்றுமுன் அம்மக்களின் இசைவு பெறப்படவில்லை. ஊர் பார்க்க வந்த கூட்டத்தால் சிறிது வருவாய் கிடைத்திருக்கலாம். ஆனால் உலகம் அவர்களை அறிந்தது அவர்கள் முகத்தால் அல்ல, அம்மையார் மாட்டிய முகமூடியால். பிறகு, சியாட்டில் நகரத்துப் பர்க் அருங்காட்சியகம் அம்மக்களோடு சேர்ந்து, எது உண்மை எது புனைவு என்று விளக்க வேண்டி வந்தது.

கதையிலே வெள்ளைத்தோல் காட்டேரிகள் குவிலியூட்டோடு செய்த ஒப்பந்தத்தை மதித்து நடக்கிறார்கள். வரலாற்றிலே நடந்ததென்ன? 1855-56இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம். பரந்த தாயகம் கைவிட்டுப் போயிற்று. 1889இல் அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் ஏறத்தாழ ஒரு சதுர மைல். அதே ஆண்டிலே, அவர்கள் பியூஜெட் கடலோரத்துத் தோட்டங்களிலே கூலி வேலைக்குப் போயிருந்த சமயம், ஊரிலிருந்த 26 வீடுகளும் குடியேறியவர்களால் எரிக்கப்பட்டன. திரும்பி வந்தவர்கள் கண்டது சாம்பல்! கடற்கோள் வந்தால் அழியும் தாழ்நிலத்திலே அவர்கள் பல்லாண்டு காத்திருந்து போராடிய பிறகே, 2012இல் தனிச்சட்டத்தின் வழியாக ஏறத்தாழ 785 ஏக்கர் நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 2022இல் மேட்டு நிலத்திலே அவர்களின் புதுப் பள்ளி திறக்கப்பட்டது. இது ஓநாய் தந்த வெற்றியல்ல. கூடினார்கள், கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், பெற்றார்கள். எந்த விதி எழுதித் தந்தது இதை?

அங்கேயன்றோ இருக்கிறது உண்மையான பகையின் கதை! எரித்தவன் பேரனும் எரிக்கப்பட்டவன் பேத்தியும் ஒரே ஊர்க் கடைத்தெருவிலே எதிர்ப்படுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர்களிடையே அன்பு பிறக்க வேண்டுமானால் எத்தனை கேட்க வேண்டும், எத்தனை ஒப்புக்கொள்ள வேண்டும், எத்தனை திருப்பிக் கொடுக்க வேண்டும்! அந்த நெடிய பாதையை நடந்து காட்டுவதே பகைக் குடும்பத்துக் காதலைப் பாட வருபவர் கடமை. அதற்குத் துணிவில்லாதவர் ஒரு பார்வையிலே எல்லாவற்றையும் முடித்து வைப்பார்.

தமிழ்ப் பாட்டின் பழமரபிலே உடன்போக்கு என்றொரு துறை உண்டு. பெற்றோர் இசையாதபோது, விரும்பியவனோடு தானே புறப்பட்டுப் போகிறாள் பெண். எவரும் அவளைத் தொட்டிலிலே குறித்து வைக்கவில்லை. அவள் நடந்து போகிறாள், தன் காலாலே. காதலின் பெருமை அந்த நடையிலே இருக்கிறது.

ஆகவே இளைஞர்களே, இத்தகைய நூல்களைப் படிக்க வேண்டா என்று நாம் தடை போட வரவில்லை. தடை போடுவது மடத்தின் வேலை. படியுங்கள். படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையிலே வைத்துக்கொண்டு படியுங்கள்: இந்தப் பெண்ணிடம் எவரேனும் கேட்டார்களா? இந்தப் பகைக்குக் காரணம் யார்? இந்தச் சமாதானத்துக்கு யார் விலை கொடுத்தார்? பதில் கூறாமல் "விதி" என்று கையை விரிக்கும் ஏடு எந்த நாட்டிலே அச்சானாலும், எத்தனை இலட்சம் விற்றாலும், பழைய பஞ்சாங்கத்தின் மறுபதிப்பே.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். காட்டேரி வேண்டுமா, வரட்டும். ஓநாய் வேண்டுமா, ஓடட்டும். ஆனால் லியாவுக்கு ஒரு வாழ்வு எழுதுங்கள். எமிலிக்குச் சினக்கும் உரிமை எழுதுங்கள். தொட்டிலிலே கிடக்கும் குழந்தையைக் குழந்தையாகவே விடுங்கள். பிறப்பும் பார்வையும் பதிவும் தீர்மானித்த உறவு இரவின் மிச்சம். கேட்டு, சிந்தித்து, "ஆம்" என்றோ "மாட்டேன்" என்றோ ஒரு பெண் தன் வாயால் சொல்லும் பொழுதுதான் விடியல்!